வட்டப் படத்துக்கு வெளியே இருந்த கைகள்

சென்ற ஆண்டு ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை காலை, வேலூர் லாங் பஜாரில் உள்ள ஒரு டிடிபி கடையில் இது தொடங்கியது. மாதம், கிழமை சொல்லாமல் எதையும் ஆரம்பிக்க எனக்கு வராது. பாலாற்றில் தண்ணீர் வந்த நாள், எங்கள் தெருவுக்கு சிமென்ட் போட்ட மாதம் என்று எல்லாவற்றையும் குறித்து வைக்கிற பழக்கம் உள்ளவன் நான். ஆடியில் யாரும் பெண் பார்க்க வர மாட்டார்கள். ஆனால் ஆவணி பிறக்கும்போது பயோடேட்டா கையில் தயாராக இருக்க வேண்டும் என்று என் மனைவி சொல்லிவிட்டதால், மகளையும் அழைத்துக்கொண்டு ஆம்பூரிலிருந்து மூவரும் போயிருந்தோம்.

என் மகள் காலணித் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ படித்தவள். எங்கள் ஊருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் கிளிக்கிங் பிரிவில் சூப்பர்வைசர். விரித்த தோலின் மேல் அச்சுக்கத்தியை வைத்து, பிரஸ் இயந்திரத்தால் அழுத்தி, ஷூவின் மேல்பாகத்துக்கான துண்டுகளை வெட்டி எடுக்கிற இடம் அது. முதலில் பிரஸ்ஸில் நின்று வேலை கற்றுக்கொண்டு, பிறகுதான் மேலே வந்தாள். நான் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையின் அலுவலகத்தில் ஏற்றுமதிக் காகிதங்கள் பார்ப்பவன். தோல் ஊரில் பிறந்தும் பிரஸ் ஓடுகிற கொட்டகைக்குள் நான் கால் வைத்ததில்லை.

அதுவரை சொந்தக்காரர்கள் வாய்வழியாகக் கொண்டுவந்த வரன்கள் எல்லாம் ஒரே இடத்தில் முறிந்தன. கல்யாணத்துக்குப் பிறகு வேலை எதற்கு என்பார்கள். அவள் வேலையை விடுவதாக இல்லை. வேலையை விடச் சொல்லாத ஒரு வீடு வேண்டும். அவள் எங்களிடம் கேட்டது அது ஒன்றுதான்.

கடைக்காரர் ஒரு பாய். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, பயோடேட்டா எல்லாம் அங்கே செய்வார்கள். திரையில் ஒவ்வொரு டிசைனாகத் தள்ளிக்கொண்டே வந்தார். முதலாவது, மெரூன் நிறத்தில் ஜரிகைக் கரை போட்டது. மேலே பிள்ளையார், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, அடியில் வாழைமரம். என் மனைவி அதிலேயே நின்றுவிட்டாள். அடுத்தது ரோஜாக்கொடி படர்ந்தது. அதற்கடுத்தது வெளிர் பழுப்பில், கரையே இல்லாமல், இடது மூலையில் ஒரு வட்டத்துக்குள் முகம் மட்டும் தெரிய, பக்கத்தில் பெயரும் கீழே விவரங்களும் நிறைய இடம்விட்டு அமைந்தது. என் மகள் அதைத்தான் காட்டினாள்.

"சாமி படம் இல்லாம இன்னா பயோடேட்டா? வேலைக்கு எழுதிப் போடற மாதிரி இருக்குது" என்றாள் மனைவி.

"நான் வேலைக்குப் போறவதானேம்மா."

"இப்ப இதான்மா ஜாஸ்தி ஓடுது" என்று பாய் நடுவில் புகுந்தார். "எழுத்து கம்மி, இடம் ஜாஸ்தி. பாக்கறதுக்கு டீசன்டா இருக்கும்." மேலே நடுவில் ஒரு சின்னப் பிள்ளையார் சுழி போட்டுக் காட்டினார். மனைவி பாதி மனதோடு சரி என்றாள்.

என் கவலை வேறு. பிறந்த தேதியோடு தமிழ் மாதமும் கிழமையும் வேண்டும், படிப்பு முடித்த ஆண்டும் வேலையில் சேர்ந்த ஆண்டும் வேண்டும் என்று நான் வரிசையாகச் சொல்ல, அவர் அடித்து அடித்துக் களைத்துப் போய், "சார், இது பயோடேட்டா. கிரயப் பத்திரம் இல்ல" என்றார்.

போட்டோவுக்கு, ஸ்டுடியோவில் எடுத்த ஒரு முழுப் படத்தைக் கொண்டுபோயிருந்தோம். "இந்த டிசைன்ல முகம்தான் வரும். மீதியெல்லாம் வெட்டிப் போய்டும். பரவால்லயா?" என்று கேட்டார் பாய். முகம் போதும் என்றாள் மகள். வேலை என்ற இடத்தில் கிளிக்கிங் பிரிவு என்று அடித்து முடித்தவர், தலையை நிமிர்த்தி ஒரு கணம் அவள் கைகள் இருந்த பக்கம் பார்த்தார். அவள் மடியில் கைப்பையைப் பிடித்தபடி மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். "முழு போட்டோ ஒண்ணு தனியா வெச்சுக்கோங்க சார். கேப்பாங்க" என்றார்.

ஒரு கடைக்காரர் பெண்ணின் கையை எதற்குப் பார்க்க வேண்டும்? எனக்கு அது பிடிக்கவில்லை. காசைக் கொடுத்துவிட்டு, இனி இந்தக் கடைக்கு வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

ஆவணியில் என் மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒரு வரன் கொண்டுவந்தார். ராணிப்பேட்டையில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர். வரன் பார்த்துச் சேர்த்து வைப்பது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. பையனுக்குச் சொந்த ஊர் கலவை. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிற மெக்கானிக். தகப்பனார் இல்லை. தாயார் பல வருடம் ஷூ கம்பெனியில் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். எல்லாவற்றையும் விட முக்கியமான சேதியைக் கடைசியில் சொன்னார். பெண் வேலைக்குப் போகட்டும், தேவைப்பட்டால் நானே ஆம்பூர் பக்கம் வேலை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று பையன் சொன்னானாம்.

மகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

பையனின் பயோடேட்டாவை நான் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். என் மனைவி ஆசைப்பட்ட அதே குத்துவிளக்கு டிசைன். ஆனால் போட்டோ விசித்திரமாக இருந்தது. தலை முதல் செருப்பு வரை தெரிய நேராக நின்று, இரண்டு கைகளையும் உடம்பை ஒட்டித் தொங்கவிட்டு, விரல்களை விரித்து வைத்திருந்தான். யாரோ அதட்டி அப்படி நிற்க வைத்த மாதிரி இருந்தது. உடன்பிறந்தோர் என்ற இடத்தில் 'அக்கா ஒருவர்' என்று மட்டும் இருந்தது. கல்யாணம் ஆனவரா, ஆகாதவரா என்று இல்லை. மற்ற எல்லா இடத்திலும் இரண்டு வரி எழுதுகிறவர்கள் இந்த ஒரு இடத்தில் மட்டும் எதற்கு வாயை மூடிக்கொண்டார்கள்?

கேட்டேன். மைத்துனர் கொஞ்சம் இழுத்தார். "அது வந்து… நேர்ல போய்ப் பேசிக்கலாம் மாப்ளே. நீங்க கல்வெட்டு படிக்கிற மாதிரி பயோடேட்டாவைப் படிக்கிறீங்க. பையன் தங்கமான பையன்."

அந்த 'அது வந்து' எனக்குள் தங்கிவிட்டது.

ஜாதகம் பொருந்தியது. அதற்குள் புரட்டாசி வந்துவிட்டதால், ஐப்பசியில் பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். புரட்டாசியில் ஆட்கள் வரவில்லை, கேள்விகள் வந்தன. முதலில் முழு போட்டோ ஒன்று வேண்டும் என்றார்கள். பாய் சொன்னது பலித்துவிட்டதே என்று ஸ்டுடியோ படத்தை அனுப்பினேன். அதில் போட்டோகிராபர் அவள் இரண்டு கையிலும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பூங்கொத்தைக் கொடுத்து நிற்க வைத்திருந்தார். நான்கு நாள் பேச்சில்லை. பிறகு மைத்துனர் கூப்பிட்டு, தயங்கித் தயங்கி, மருதாணி வைத்துக்கொண்ட போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று பையனின் அம்மா கேட்பதாகச் சொன்னார்.

"மருதாணியா? அது இன்னாத்துக்கு அண்ணே அவங்களுக்கு?" என்று மனைவி போனைப் பிடுங்கிக் கேட்டாள்.

"எனக்கு இன்னாம்மா தெரியும். பொம்பளைங்க சமாச்சாரம்னு நெனச்சேன்."

அன்று சாயந்திரம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். கையைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். கையில் என்ன இருக்கும்? வளையல் இருக்கும். எங்கள் வீட்டில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று மறைமுகமாக அளந்து பார்க்கிறார்கள். வேலைக்குப் போகட்டும் என்று பெருந்தன்மையாகச் சொல்வது, உள்ளே நகைக்குக் கணக்குப் போடுவது. மனைவி இதை உடனே ஒப்புக்கொண்டாள். "நானும் அதான் நெனச்சேன். வாயால கேக்க மாட்டாங்களாம், போட்டோவுல தேடுவாங்களாம்."

மகள் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மருதாணி என்ற சொல்லைக் கேட்டதும் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு, "போட்டோ ஒண்ணும் அனுப்ப வேணாம்பா. அவங்க வர்றப்போ வரட்டும்" என்றாள்.

அதற்கடுத்த வாரம் இன்னொன்று நடந்தது. கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் ஒரு அம்மாள் வந்து, மகளோடு வேலை செய்கிற பெண்ணிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார். கலவைப் பக்கம் என்று சொன்னாராம். சூப்பர்வைசர் பெண் நல்ல பெண்ணா என்று கேட்டிருக்கலாம். ஊரில் எல்லோரும் அப்படி விசாரிப்பதுதான். ஆனால் அவர் கேட்டது, இடையில் நீண்ட லீவில் இருந்தாளா என்று. அந்தப் பெண் வெள்ளந்தியாக, ஆமாம், போன கோடையில் ரொம்ப நாள் லீவில் இருந்தார் என்று சொல்லிவிட்டது. என் மகளுக்கு அப்போது மஞ்சள் காமாலை. அதைச் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டதாம்.

நகை போய் இப்போது நடத்தைக்கு வந்துவிட்டார்கள் என்று தோன்றியது. ஒரு பெண் நீண்ட லீவில் இருந்தாளா என்று மூன்றாம் மனிதரிடம் கேட்டால் அதற்கு என்ன அர்த்தம்? மைத்துனருக்குப் போன் போட்டு, இந்தப் பேச்சு இதோடு போதும் என்று சொல்லப் போனேன். மகள் என் கையிலிருந்த போனை வாங்கி வைத்துவிட்டாள்.

"அவங்க வரட்டும்பா. வந்து கேக்கட்டும். நான் பதில் சொல்லிக்கிறேன்."

"உனக்கு இந்த இடம் அவ்ளோ பிடிச்சிருக்குதா?"

"அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை பிடிச்சிருக்குது. அது நெஜமான்னு பாக்கணும்."

போனை அவளிடமே விட்டுவிட்டேன். ஆனால் மனதுக்குள் ஒரு வரிசை ஓடிக்கொண்டே இருந்தது: அதட்டி நிற்க வைத்த போட்டோ, சொல்லாமல் விட்ட அக்கா, மருதாணி, லீவு. எந்த ஒரு குடும்பத்தையும் நேரில் பார்ப்பதற்கு முன்னால் நான் அவ்வளவு வெறுத்ததில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்தே மழை பிடித்துக்கொண்ட நாளில் வந்தார்கள். மைத்துனர், பையன், அவன் அம்மா, அக்கா. பையன் போட்டோவை விட ஒல்லியாக இருந்தான். அம்மா கறுத்து, திடமாக, அதிகம் பேசாதவராக இருந்தார். அக்காவுக்கு முப்பதைத் தாண்டியிருக்கும். நெற்றியில் பொட்டு, கழுத்தில் ஒற்றைச் சங்கிலி, தாலி இல்லை. இடது கையை முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தபோதும் அந்தக் கையை எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் எதையும் தொட்டுவிடக்கூடாது என்பது போல இருக்கிறாளே என்று நினைத்தேன். என் மனநிலை அப்படி இருந்தது.

மகள் காபித் தட்டோடு வந்தாள். இரண்டு கையாலும் பிடித்திருந்த தட்டை அம்மாவிடம் நீட்டினாள். அவர் டம்ளரை எடுக்கவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, தட்டின் விளிம்புக்கு அடியில் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். அப்போதும் எனக்குப் புரியவில்லை. வளையலைத்தான் எண்ணுகிறார் என்று நினைத்தேன். அன்று அவள் கையில் வெறும் கண்ணாடி வளையல்தான் இருந்தது. தங்கம் போட மாட்டேன் என்று காலையில் அம்மாவோடு சண்டை போட்டிருந்தாள்.

மகள் தட்டை டீப்பாயின் மேல் வைத்தாள். அவர் எதிரே தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்தாள்.

"பத்தும் இருக்குது அத்தை. எண்ணிப் பாத்துக்கோங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கிளிக்கிங் பிரிவு என்று எழுதி, கைகளை வெட்டிவிட்டு, முகத்தை மட்டும் வட்டத்துக்குள் போட்டு அனுப்பியிருக்கிறோம். பிறகு அனுப்பிய படத்தில் கையைப் பூங்கொத்துக்குப் பின்னால் மறைத்திருக்கிறோம். மருதாணிப் படம் அனுப்பவே இல்லை. நீண்ட லீவும் உண்மை. இந்தத் தோல் ஊர்களில் பிரஸ்ஸில் விரலைக் கொடுத்தவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கிற யாருக்கும் என்ன தோன்றுமோ அதுதான் அந்த அம்மாளுக்கும் தோன்றியிருக்கிறது. என் மகளின் கைகளைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மட்டும், அவை இல்லாமல் போயிருக்கலாம் என்று ஒருவர் நினைப்பார் என்பது எட்டவே இல்லை.

அந்த அம்மாள் எண்ணவில்லை. நீட்டிய கைகளைத் தன் கைகளால் மூடினார்.

"தப்பா நெனச்சுக்காதம்மா. அண்ணே, அண்ணி, நீங்களும் நெனச்சுக்காதீங்க. என் மூத்தவளுக்கும் இப்படித்தான் வட்டமா போட்டோம். முகம் மட்டும். பொண்ணு பாக்க வந்தப்போ முந்தானைக்குள்ள வெச்சுக்கச் சொன்னேன். நிச்சயத்துல மோதிரம் போடக் கைய நீட்டுன்னாங்க. சோத்துக் கைய நீட்டினா. இந்தக் கைக்கு இன்னா வந்துதுன்னு மாப்பிள்ளைக்குச் சின்னம்மா முந்தானைய இழுத்துட்டாங்க. வந்திருந்த சனம் பூரா பாத்துது. தட்டோட எழுந்து போய்ட்டாங்க. அன்னிலேர்ந்து வட்டமா ஒரு போட்டோவ பாத்தா எனக்கு மூஞ்சி தெரியறதில்ல. வெட்டிப் போட்டது எதுன்னுதான் தெரியுது."

பையனை அப்படி விறைப்பாக, விரல் விரித்து நிற்க வைத்துப் படம் எடுத்தவரும் அவர்தான். தங்கள் வீட்டில் எதையும் மறைக்கவில்லை என்று காட்டுவதற்காக.

"போட்டோ கேக்க வேணாம்னு நான் சொன்னேன்" என்றான் பையன் தரையைப் பார்த்துக்கொண்டு.

"சொன்னே. வாய்க்குள்ளயே சொன்னே" என்றாள் அவன் அக்கா. மைத்துனர் சிரிக்கப் பார்த்து, யாரும் சிரிக்காததால் காபியை எடுத்துக் குடித்தார்.

விஷயம் அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். என் மகள் கைகளை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"ஒரு வெரல் இல்லாம இருந்திருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க அத்தை?"

அந்த அம்மாள் வாயைத் திறந்தார், மூடினார். பதில் சொன்னது மூத்த பெண். முந்தானையை விலக்கி இடது கையை வெளியே எடுத்து மடிமேல் வைத்தாள். சுண்டுவிரலும் மோதிர விரலும் அடியோடு இல்லை.

"நான் ஒடனே சரின்னு சொல்லியிருப்பேன். அம்மா சொல்லியிருப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. அம்மாவுக்கே தெரியாது."

அம்மா அதை மறுக்கவில்லை.

என் மகள் அந்தக் கையைப் பார்த்தாள். ஐயோ பாவம் என்று சொல்லவில்லை, எப்போது ஆனது என்றும் கேட்கவில்லை. அவள் கேட்டது வேறு. "ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டியிருந்தாங்களாக்கா?"

எனக்கு அது அன்றுதான் தெரியும். பிரஸ்ஸின் கைப்பிடியில் இரண்டு பட்டன்கள் உண்டாம். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அது இறங்கும். கை உள்ளே மாட்டாமல் இருக்க அந்த ஏற்பாடு. அன்றைய கணக்கை முடிக்கிற அவசரத்தில் சில இடங்களில் ஒரு பட்டனை டேப்பால் அழுத்தி ஒட்டிவிடுவார்களாம். பிறகு ஒரு கையால் தோலை நகர்த்திக்கொண்டே மறு கையால் வெட்டலாம்.

"எனக்கு முன்ன நின்னவங்க ஒட்டி வெச்சது" என்றாள் அக்கா. "எடுக்கச் சொல்லித்தான் கேட்டேன். சாயந்திரம் எடுக்கறேன்னாங்க. இத்தினி வருசத்துல இத யாரும் கேட்டதில்லடி. எல்லாரும் கையத்தான் பாப்பாங்க."

அவள் என் மகளை 'டி' போட்டுப் பேசியதை என் மனைவியும் நானும் ஒரே நேரத்தில் கவனித்தோம்.

அவர்கள் போன பிறகும் எனக்குச் சமாதானம் ஆகவில்லை. அந்த அம்மாள் மகளின் கைகளைப் பொத்திக்கொண்டு உருக்கமாகப் பேசியது மாட்டிக்கொண்ட பிறகு வந்த பேச்சா, உண்மையா? முன்பே தெரிந்திருந்தால் எனக்கு ஏன் சொல்லவில்லை என்று மகளிடம் கோபித்துக்கொண்டேன். மருதாணி கேட்டபோதே அவளுக்குப் புரிந்துவிட்டதாம்.

"சொல்லியிருந்தா நீங்க அப்பவே போன் போட்டு பத்து வெரலும் இருக்குதுன்னு சர்டிபிகேட் குடுத்திருப்பீங்க. எனக்கு அது வேணாம். இல்லாதவங்கள இன்னா பண்ணுவாங்கன்னு தெரியணும் எனக்கு. நாளைக்கு நான் அதே மெஷின் கிட்டதானே போய் நிக்கப் போறேன்."

"இப்ப தெரிஞ்சுதா?"

"அக்காவைப் பத்தித் தெரிஞ்சுது. அவரைப் பத்திக் கொஞ்சம். அத்தைய பத்தித் தெரியல."

தீபாவளிவரை யோசிக்க நேரம் கேட்டாள். பையனோடு சில நாள் போனில் பேசினாள். அப்போது அவன் வேலை செய்துகொண்டிருந்த இடத்தில், ஷிப்ட் தொடங்குகிற போது ஒவ்வொரு பிரஸ்ஸாகப் போய்ப் பட்டனில் டேப் இருக்கிறதா என்று பார்த்துப் பிய்த்துப் போடுவது அவன் வழக்கமாம். அதற்காக ஆட்களிடம் திட்டும் வாங்குவானாம். அதைச் சொன்ன அன்று அவள் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கார்த்திகையில் நிச்சயம் ஆனது. மோதிரம் போடும்போது என் சம்பந்தியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். மூத்த பெண் கையை முந்தானைக்குள் மறைக்காமல் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

மார்கழியில் கல்யாணப் பத்திரிகை அடிக்க வேண்டி வந்தபோது, மகள் அதே லாங் பஜார் கடைக்குத்தான் போக வேண்டும் என்றாள். கூடவே நாத்தனாரையும் வரச் சொல்லியிருந்தாள். பத்திரிகை வேலை முடிந்ததும், இவங்களுக்கு ஒரு பயோடேட்டா போடணும் என்று பாயிடம் சொன்னாள். அவர் மேஜையின் மேல் இருந்த அந்த இடது கையைப் பார்த்தார். உடனே திரையில் அந்தப் பழைய வட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். நல்ல மனதோடுதான் செய்தார் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

"பாய், அன்னிக்கு எங்க பொண்ணு கையப் பாத்தீங்களே" என்று கேட்டேன்.

"எவ்வளவோ போட்டோ வெட்டியிருக்கேன் சார். சில வீட்ல அவங்களே வந்து, இங்கேர்ந்து வெட்டுங்கன்னு சொல்லுவாங்க. நீங்க அந்த மாதிரியான்னு தெரியல. அதான் முழு போட்டோ வெச்சுக்கோங்கன்னேன்."

"வட்டம் வேணாம்ணா" என்றாள் அக்கா. நீள்சதுரமாக, உட்கார்ந்த நிலையில் முழுப் படம் வருகிற ஒரு டிசைனைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்காகவே அன்று காலை எடுத்த படம். இரண்டு கையும் மடியில் தெரிந்தன. கரை எந்த நிறம் என்பதில் இருவரும் ரொம்ப நேரம் வாதாடினார்கள். கடைசியில் கிளிப்பச்சை வென்றது. எனக்கு அது கண்ணைக் குத்தியது, சொல்லவில்லை. நிறம், உயரம் என்று வரிசையாக வந்த இடத்தில் பாய் நின்று, கையைப் பற்றி எங்கே போடட்டும் என்று கேட்டார். உடல்நிலை என்று ஒரு தலைப்பு போடலாமா என்றார்.

"அது உடம்புக் கோளாறு இல்லண்ணா. வேலைன்ற எடத்துக்குக் கீழயே போடுங்க. வேலைலதான் போச்சு."

அப்படியே போட்டார். பிரஸ் விபத்தில் இடது கையில் இரண்டு விரல் இல்லை, எல்லா வேலையும் செய்வேன் என்று ஒரே வரி. என் பங்குக்கு நான் பிறந்த தேதியோடு கிழமையும் சேர்க்கச் சொன்னேன். அதற்குப் பெண்கள் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஆம்பூருக்கே வேலை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். மகள் அதே கிளிக்கிங் பிரிவில் இருக்கிறாள். மூத்த பெண்ணுக்கு இன்னும் அமையவில்லை. அந்தப் பயோடேட்டாவைப் பார்த்து வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் வந்தவர்கள் யாரும் தட்டுக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை.

சம்பந்தியம்மாள் இப்போது எங்கள் வீட்டுக்கு வந்தால் உரிமையோடு அடுப்படிக்குப் போய்விடுகிறார். நல்ல மனுஷி. அன்று என் மகள் கேட்ட கேள்விக்கு மட்டும் அவர் இதுவரை பதில் சொல்லவில்லை; நாங்களும் திரும்பக் கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இல்லை என்றும் தோன்றுகிறது. யாராவது போனில் ஒரு பயோடேட்டாவைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால், என் கண் அந்த வட்டத்தின் ஓரத்துக்குத்தான் போகிறது. என் மகளுக்கு அன்று ஒரு விரல் குறைந்திருந்தால், தேதிகளையெல்லாம் அவ்வளவு சரியாக எழுதச் சொன்ன நானே பாயிடம் இங்கேர்ந்து வெட்டுங்க என்று சொல்லியிருப்பேனோ என்ற சந்தேகம்தான் இன்றுவரை எனக்குத் தீராமல் இருக்கிறது.